முதலில் எறியும் இரை

தூண்டில் ஓர் ஏமாற்றுக் கருவி. முள்ளை மறைத்து உணவைக் காட்டுவதே அதன் தொழில். சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியை, தூண்டில் இரும்பை இரையென்று கருதி விழுங்கிய மீனின் நிலைக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அத்தகைய தூண்டிலில் இரையேனும் உண்மையாக இருந்தது. முள் மட்டுமே மறைந்திருந்தது. காலப்போக்கில் மனிதன் அந்த இரையையும் நீக்கிவிட்டான். இறகு, மரத்துண்டு, உலோகத் தகடு, ரப்பர், பிளாஸ்டிக் ஆகியவற்றை மீன் விரும்பும் வடிவில் ஆக்கி, உண்ண ஒன்றுமே இல்லாத இரையைக் கொண்டு மீனைப் பிடிக்கக் கற்றுக்கொண்டான். இதனைப் பொய்யிரை என்று குறிப்பிடலாம்.

பொய்யிரையால் மீன் பிடிக்கும் கலை, பெருந்தொழிலாகவும் கோடிக்கணக்கானோரின் பொழுதுபோக்காகவும் வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே அதற்கு முதற்காரணமாய் அமைந்தது பாஸ் என்னும் மீன். விடியற்காலையில் ஏரிக்கரைக்கு வரும் தூண்டில்காரரின் பெட்டியில் பல வடிவத்திலும் பல நிறத்திலும் பொய்யிரைகள் அடுக்கப்பட்டிருக்கும். பெட்டியைத் திறந்ததும் அவர் முன் எழும் கேள்வி ஒன்றே: இவற்றுள் எதை முதலில் எறிவது?

கேள்வி சிறியதுதான். ஆயினும் இதற்குக் காலந்தோறும் கூறப்பட்ட விடைகளைத் தொகுத்துப் பார்த்தால் கைவினை, வணிகம், இயற்கை அறிவியல் ஆகிய மூன்றின் வரலாறும் அதில் அடங்கியிருப்பது புலனாகும். மற்றோர் உயிரின் விருப்பத்தை மனிதன் எவ்வாறு அறிய முயன்றான், தன் விருப்பத்தையே அதன் விருப்பம் என்று எத்தனை முறை மயங்கினான் என்பனவும் புலனாகும்.

பாஸ் மீனின் இயல்பு

இங்குக் கூறப்படும் பாஸ், மலேசிய, சிங்கப்பூர்ச் சந்தைகளில் ‘சீ பாஸ்’ என்று விற்கப்படும் சியாக்காப் அன்று. சியாக்காப், தமிழ்நாட்டில் கொடுவா எனப்படும் மீன்; கடலிலும் கழிமுகத்திலும் வாழ்வது. அமெரிக்கக் கரும்பாஸ் நன்னீர் மீன். ‘சன்ஃபிஷ்’ எனப்படும் வட அமெரிக்க மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வகைகளுள் பெருவாய்ப் பாஸ், சிறுவாய்ப் பாஸ் என்னும் இரண்டும் பெரும் புகழ் பெற்றவை. பெருவாய்ப் பாஸ் செடிகொடி அடர்ந்த, தேங்கிய, வெதுவெதுப்பான நீரை நாடும். சிறுவாய்ப் பாஸ் பாறைகள் நிறைந்த தெளிந்த நீரை நாடும். சிறுவாய்ப் பாஸுக்கு 1802ஆம் ஆண்டில் அறிவியற் பெயர் சூட்டியவர் பிரெஞ்சு இயற்கையறிஞர் லாசெபேட்.

பாஸ் மீன் பெரும்பாலும் மறைந்திருந்து தாக்கும் இயல்புடையது. மூழ்கிய மரக்கிளை, நீர்ச்செடி, பாறையின் நிழல் ஆகியவற்றில் ஒதுங்கி நிற்கும். இரை அருகில் வந்ததும் அகன்ற வாயைத் திடீரெனத் திறந்து, நீரோடு சேர்த்து இரையையும் உள்ளிழுத்துக்கொள்ளும். உகந்தது அன்று என்று உணர்ந்தால் நொடிப்பொழுதில் உமிழ்ந்துவிடும். சிறுமீன், நன்னீர் இறால், தவளை, பூச்சி என எதையும் உண்ணும். சிற்சமயம் நீரில் விழுந்த சுண்டெலியையும் விடுவதில்லை.

இளவேனிற்காலத்தில் ஆண் மீன் அடித்தரையைத் துடைத்துக் கூடு அமைத்து, பெண் மீன் இட்ட முட்டைகளையும் பின்னர்க் குஞ்சுகளையும் காவல் காக்கும். அக்காலத்தில் கூட்டை நெருங்கும் எதனையும் துரத்தும், கடிக்கும். ஆகவே பாஸ் மீன் ஒரு பொய்யிரையைக் கவ்வுவதற்குப் பசி மட்டும் காரணமாவதில்லை. சினமும் காரணமாகலாம்; கண்முன் எதிர்பாராது பாய்ந்த பொருளைச் சிந்திக்குமுன் கவ்வும் அனிச்சைச் செயலும் காரணமாகலாம்.

எதனையும் உண்ணும் மீனாதலால் ஏறத்தாழ எந்தப் பொய்யிரையும் என்றேனும் ஒருநாள் வெற்றி பெறும். அந்த ஒருநாள் வெற்றியைக் கண்டவன், தன் கையிலுள்ளதே சிறந்த இரை என்று நம்பிவிடுகிறான். பொய்யிரை வரலாற்றின் குழப்பங்கள் பலவும் இங்கிருந்தே தோன்றின.

கைவினைஞர் தந்த விடை

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தில், பாரிஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர் கடிகாரம் செய்பவர். கடிகாரப் பற்சக்கரங்களின் நுட்பத்தைத் தூண்டில் நரம்பு சுற்றும் உருளையில் பொருத்தினார். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழன்றது. பின்னர் அம்மாநிலத்து மீக் சகோதரர்களும் இத்தகைய உருளைகளைச் செய்து புகழ்பெற்றனர். இரையைத் தொலைவில் எறிந்து விரைவாக இழுக்க முடிந்ததும் உயிரற்ற இரைக்கு அசைவால் உயிரூட்டும் வழி எளிதாயிற்று.

அடுத்து வந்தது கரண்டி இரை. நியூயார்க் மாநிலத்தில் வாழ்ந்த ஜூலியோ பியூயல், படகில் உணவு உண்டபோது கைநழுவி நீரில் விழுந்த கரண்டியை ஒரு பெரிய மீன் பாய்ந்து கவ்வியதைக் கண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், உலோகத்தால் ஆன இரைக்கு அவர் 1852ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றது உண்மை. நீரில் மின்னி அசையும் தகடு, காயம்பட்ட சிறுமீனின் செதில் ஒளியை ஒத்திருந்தது.

அக்காலத்தில் மேட்டுக்குடியினர் டிரவுட், சால்மன் ஆகிய மீன்களையே பெருமைக்குரியனவாகக் கருதினர். பாஸ் மீன் பொதுமக்களின் மீனாக இருந்தது. மருத்துவரான ஜேம்ஸ் ஹென்ஷால் 1881ஆம் ஆண்டில் கரும்பாஸைப் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டு, அம்மீனின் வலிமையையும் போர்க்குணத்தையும் புகழ்ந்தார். அந்நூல் பாஸ் மீனுக்கு மதிப்பைத் தேடித் தந்தது.

மிச்சிகன் மாநிலத்தின் டோவாஜியாக் நகரில் தேனீ வளர்ப்பில் புகழ்பெற்றிருந்தவர் ஜேம்ஸ் ஹெடன். ஆலைக்குளத்தின் கரையில் நண்பருக்காகக் காத்திருந்தபோது, பொழுதுபோக்காகச் செதுக்கிய மரத்துண்டை அவர் நீரில் வீசினாராம். பாஸ் மீன் ஒன்று பாய்ந்து அதனைத் தாக்கியதாம். 1890களில் அவர் மரத்தால் தவளை வடிவ இரைகளைச் செதுக்கத் தொடங்கினார். 1902இல் காப்புரிமையும் பெற்றார். அவர் தொடங்கிய நிறுவனம் அமெரிக்கப் பொய்யிரைத் தொழிலின் தூண்களுள் ஒன்றாக உயர்ந்தது.

கரண்டியும் மரத்துண்டும் தற்செயலாகத் தோன்றியவை என்று கதைகள் கூறுவது கருதத்தக்கது. முதலில் மீன்தான் தாக்கியது. மனிதன் பின்னர்தான் கண்டுபிடித்தான். விடையை மீனே கூறியது என்பதை இக்கதைகள் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் தொழில் வளர வளர இந்தப் பணிவு மறைந்தது. எதனை எறிய வேண்டும் என்று விளம்பரத்தாள்களும் விலைப்பட்டியல்களும் கூறத் தொடங்கின. கண்கவரும் வண்ணங்களில் தீட்டப்பட்ட மர இரைகள் கடைகளில் வரிசையாகத் தொங்கின. அவை மீனுக்கு முன்னர் மனிதனைக் கவர வேண்டியிருந்தது. தூண்டில் இரும்பை விழுங்கும் மீனின் நிலை, வாங்குபவனுக்கும் ஓரளவு பொருந்தியது.

ஒரே ஓர் இரை

பெட்டி நிறைய இரைகள் இல்லாதவன் என்ன செய்வான் என்பதற்கு 1932ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சான்று கிடைத்தது. அமெரிக்காவைப் பொருளாதார வீழ்ச்சி வாட்டிய காலம் அது. ஜார்ஜ் பெரி என்னும் இளம் உழவர், ஜூன் 2ஆம் நாள் மழையினால் வயலில் வேலை செய்ய இயலாமல், நண்பர் ஒருவருடன் மான்ட்கோமரி ஏரிக்கு மீன் பிடிக்கச் சென்றார். பெயரில் ஏரியாயினும் அது ஓக்மல்கி ஆறு வளைந்து ஓடிய பழைய தடத்தில் தேங்கிய நீர்நிலையே. இருவருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு பொய்யிரை என்று அந்நிகழ்ச்சியை எழுதியோர் கூறுவர். கிரீக் சப் என்னும் நிறுவனம் செய்த இரை அது.

அன்று பெரி பிடித்த பெருவாய்ப் பாஸின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ். அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். இதழ் ஒன்று நடத்திய போட்டியில் அம்மீன் பரிசு பெற்றது. ஆனால் அது கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்கப்படவில்லை. குடும்பத்தார் சமைத்து உண்டனர். வறுமைக் காலத்தில் மீன் முதலில் உணவு. சாதனை அதற்குப் பின்னரே.

அந்தச் சாதனை எழுபத்தேழு ஆண்டுகள் தனித்து நின்றது. 2009ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் 22 பவுண்டு 4.97 அவுன்ஸ் எடையுள்ள பாஸைப் பிடித்தார். பாஸ் மீன் 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மீன். பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸ் வேறுபாடு வேண்டும் என்பது விதியாதலால் இரண்டும் சமம் என்று அறிவிக்கப்பட்டன. குரிட்டா பயன்படுத்தியது உயிருள்ள சிறுமீன். பொய்யிரையால் பெற்ற வெற்றி என்று பார்த்தால் பெரியின் இடம் இன்னும் அவருக்கே உரியது. எதை முதலில் எறிவது என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. எங்கே எறிவது என்பது ஒன்றே அவர் முன் இருந்த கேள்வி.

ஆழம் என்னும் புதிய கேள்வி

பெரி மீன் பிடித்த மறு ஆண்டில், 1933இல், டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையம் அமைக்கப்பட்டது. மின்சாரத்துக்காகவும் வெள்ளத்தைத் தடுப்பதற்காகவும் ஆறுகளின் குறுக்கே அணைகள் எழுந்தன. நோரிஸ் அணை 1936இல் நிறைவுற்றது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அமெரிக்காவின் தென்பகுதியில் பெரிய நீர்த்தேக்கங்கள் பல தோன்றின. வயல்களும் சாலைகளும் காடுகளும் நீரில் மூழ்கின. மூழ்கிய மரங்களுக்கிடையே பாஸ் மீன்கள் பெருகின.

இயற்கையான குளத்தில் கரையோரச் செடிகளைப் பார்த்து இரையை எறியலாம். பரந்த நீர்த்தேக்கத்தில் மீன் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. வட கரோலைனாவைச் சேர்ந்த எல்வுட் பெரி, இயற்பியல் கற்பித்தவர். மேற்கூறிய ஜார்ஜ் பெரியினின்றும் வேறானவர். ‘பக் பெரி’ என்று அறியப்பட்டவர். பாஸ் மீன் நாளின் பெரும்பகுதியை ஆழமான நீரில் கழிக்கிறது. குறிப்பிட்ட மேடுகளையும் சரிவுகளையும் வழியாகக் கொண்டு சிறிது நேரமே கரைப்பக்கம் வருகிறது என்று அவர் விளக்கினார். 1940களில் தாம் உருவாக்கிய ‘ஸ்பூன்பிளக்’ என்னும் உலோக இரைகளை வெவ்வேறு ஆழத்தில் செல்லுமாறு பல அளவுகளில் அமைத்தார். இரையின் அழகைவிட அது செல்லும் ஆழமும் வேகமும் முதன்மையானவை என்பதே அவர் கொள்கை.

இரை வரலாற்றில் இது பெரிய திருப்பம். மீன் இல்லாத இடத்தில் எறியப்படும் சிறந்த இரையினால் பயன் ஒன்றும் இல்லை என்ற எளிய உண்மையை ஓர் ஆசிரியர் முறைப்படுத்திக் கூறினார். 1950களின் பிற்பகுதியில் கார்ல் லோரன்ஸ், ஒலியலைகளைக் கொண்டு நீரின் ஆழத்தையும் மீனின் இருப்பையும் காட்டும் சிறு கருவியைத் தூண்டில்காரருக்கென உருவாக்கிய பின்னர், ஆழம் கண்ணுக்குத் தெரியும் பொருளாயிற்று.

மூன்று புதிய இரைகள்

ஏறத்தாழ அதே காலத்தில் இரைகளின் உலகமும் மாறியது. ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரம் ரப்பர்த் தொழிலுக்குப் பெயர்பெற்றது. மலாயாவின் பால்மரத் தோட்டங்களில் தமிழர்கள் வெட்டி எடுத்த பாலும் உலகச் சந்தைவழி நாடிச் சென்ற தொழில் அது. அந்நகரத்தில் வாழ்ந்த நிக் கிரீம் என்னும் இயந்திரத் தொழிலாளியும் அவர் மனைவியும் 1949ஆம் ஆண்டில் தம் வீட்டிலேயே பிளாஸ்டிக்கை உருக்கி, மண்புழுவின் அச்சில் வார்த்து, மென்மையான புழு ஒன்றை உருவாக்கினர். கடினமான மரமும் தகடும் செய்ய இயலாததை இப்புழு செய்தது. கவ்விய மீன் உடனே உமிழாமல் சற்று நேரம் வாயில் வைத்திருந்தது.

பின்னர்த் தென் மாநிலத் தூண்டில்காரர், தூண்டில் முள்ளின் நுனியைப் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்து, முன்னால் ஈயக்குண்டு ஒன்றைக் கோத்து எறியும் முறையைக் கண்டனர். டெக்சஸ் முறை என்று அதற்குப் பெயர். முள் வெளியே தெரியாததால் அடர்ந்த செடிக்குள்ளும் மூழ்கிய கிளைகளுக்குள்ளும் சிக்காமல் இரை சென்றுவந்தது. மீன் ஒளிந்திருக்கும் வீட்டுக்குள்ளேயே இரையை அனுப்பும் வழி பிறந்தது.

பின்லாந்தில் லவுரி ராப்பாலா என்னும் ஏழை மீனவர், ஏரியில் பெரிய மீன்கள் கூட்டத்திலுள்ள எல்லாச் சிறுமீன்களையும் தாக்குவதில்லை. சற்றே தடுமாறி நீந்தும் ஒன்றையே தேர்ந்து தாக்குகின்றன என்று கண்டார். 1936இல் தக்கையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் செதுக்கி, சாக்லெட் சுற்றிய தகட்டுத்தாளை ஒட்டி, பழைய புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி, அந்தத் தடுமாற்றத்தை ஓர் இரையில் அமைத்தார். 1962 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழ் அந்த இரையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. மர்லின் மன்றோ மறைவையொட்டி அவர் படத்தை அட்டையில் தாங்கி, மிகப் பலர் கைகளுக்குச் சென்ற இதழ் அது. பின்லாந்து மீனவரின் இரைக்கு அமெரிக்காவில் கிராக்கி ஏற்பட்டது.

டென்னசியைச் சேர்ந்த பிரெட் யங், பால்சா மரத்தில் உருண்டை வயிறுடன் ஓர் இரையைக் கையால் செதுக்கித் தம் சகோதரர் ஓடிஸ் பெயரால் ‘பிக் ஓ’ என்று அழைத்தார். 1960களின் இறுதியில் அது கிடைப்பதே அரிதாயிற்று. போட்டிக்குச் செல்வோர் நாள் வாடகைக்குப் பெற்றுச் சென்றனர் என்பர். 1973இல் காட்டன் கார்டெல் அதனைப் பிளாஸ்டிக்கில் செய்து விற்கத் தொடங்கியதும், நேற்றுவரை இரகசியமாக இருந்தது இன்று எல்லார் பெட்டியிலும் இடம்பெற்றது. எல்லாரிடமும் எல்லாம் இருக்கும் நிலையில், முதலில் எதை எடுப்பது என்ற கேள்வி முன்னைவிடக் கடினமாயிற்று.

பத்துப் பவுண்டு வரம்பு

அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் காப்புறுதி முகவராக இருந்த ரே ஸ்காட், 1967 ஜூன் மாதம் ஆர்க்கன்சா மாநிலத்துப் பீவர் ஏரியில் பாஸ் மீன்பிடிப்புப் போட்டி ஒன்றை நடத்தினார். ஆளுக்கு 100 டாலர் நுழைவுக் கட்டணம். 106 பேர் கலந்துகொண்டனர். டென்னசியைச் சேர்ந்த ஸ்டான் ஸ்லோன் வென்றார். மறு ஆண்டில் ஸ்காட், ‘பாஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தூண்டில்காரர் சங்கத்தைத் தொடங்கினார்.

1971 அக்டோபரில் நடந்த முதல் ‘பாஸ்மாஸ்டர் கிளாசிக்’ போட்டி இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவது. தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்கள் விமானத்தில் ஏற்றப்பட்டனர். எந்த ஏரிக்குச் செல்கிறோம் என்பது, விமானம் வானில் பறந்தபோதுதான் அவர்களுக்குக் கூறப்பட்டது: நெவாடாப் பாலைவனத்தில், ஹூவர் அணை தேக்கிய மீட் ஏரி. ஒவ்வொருவரும் கொண்டுசெல்லக்கூடிய தூண்டிற் பொருள்களின் எடை 10 பவுண்டுக்கு மேற்படக் கூடாது என்பதும் விதி.

ஏரியைப் பற்றி முன்கூட்டியே விசாரிக்க வழியில்லை. உள்ளூர்க் கடைக்காரரின் அறிவுரை இல்லை. வண்டி நிறைய இரைகளும் இல்லை. அறியாத நீரில், எண்ணத்தக்க சில இரைகளுடன் வீரர்கள் இறங்கினர். ஆர்க்கன்சாவைச் சேர்ந்த பாபி மரே மூன்று நாளில் 43 பவுண்டு 11 அவுன்ஸ் மீன் பிடித்து, வெற்றியாளர் ஒருவருக்கே உரிய 10,000 டாலர் பரிசைப் பெற்றார். பெட்டியின் பெருமையைக் குறைத்து மனிதனின் அறிவைச் சோதித்த போட்டி அது.

அக்காலத்தில் புகழ்பெறத் தொடங்கிய ரோலண்ட் மார்ட்டின், பின்னாளில் ‘ஆண்டின் சிறந்த தூண்டில்காரர்’ என்னும் பட்டத்தை ஒன்பது முறை வென்றவர். அவர் பரப்பிய கருத்து ‘பாங்கு’ என்பது. ஒரு நாளில், ஓர் ஏரியில், மீன் கிடைத்த இடத்தின் ஆழம், தெளிவு, வெப்பநிலை, மறைவிடம் ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கினால், அதே நிலைகள் அமைந்த வேறிடங்களிலும் மீனை எதிர்பார்க்கலாம் என்பதே அதன் சாரம். இக்கருத்து ஏற்கப்பட்டபின் முதலில் எறியும் இரையின் பணியே மாறியது. அது மீனைப் பிடிப்பதற்கு முன்னர்ச் செய்தியைப் பிடித்து வரவேண்டிய தூதுவன் ஆயிற்று.

நிறம் பற்றிய நம்பிக்கை

ஆழமும் இடமும் தெளிவான பின்னரும் தூண்டில்காரரை விட்டு நீங்காத ஐயம் நிறத்தைப் பற்றியது. ஒரே வடிவ இரை இருபது நிறங்களில் விற்கப்படும்போது, எந்த நிறத்தில் தொடங்குவது?

1937ஆம் ஆண்டிலேயே இல்லினாய் மாநிலத்தில் பிராங்க் பிரவுன் என்னும் ஆய்வாளர், பெருவாய்ப் பாஸ் நிறங்களை வேறுபடுத்தி அறிகிறதா என்று சோதித்து முடிவுகளை வெளியிட்டார். அம்மீன் சிவப்பை நன்கு பிரித்தறிவது புலனாயிற்று. 1980களில் ஓக்லஹோமா பல்கலைக்கழக விலங்கியல் அறிஞர் லோரன் ஹில், நீரின் ஒளியை அளந்து எந்த நிற இரையை எறிவது என்று முள் காட்டி மூலம் தெரிவிக்கும் ‘கலர் சி லெக்டர்’ என்னும் கருவியை உருவாக்கினார். விடையை ஒரு பெட்டியே கூறிவிடும் என்ற எண்ணம் பலரையும் ஈர்த்தது. அக்கருவி சில காலம் பரபரப்பாக விற்றுப் பின்னர் மறைந்தது.

2019ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கியது. மனிதக் கண்ணில் நிறமறியும் கூம்பணுக்கள் மூன்று வகை. பெருவாய்ப் பாஸின் கண்ணில் இரண்டே வகை. ஒன்று சிவப்புக்கும் மற்றொன்று பச்சைக்கும் உரியது. சிவப்பையும் பச்சையையும் அம்மீன் நன்கு பிரித்தறிந்தது. ஆனால் பளிச்சிடும் மஞ்சள்பச்சையை வெள்ளையுடனும், நீலத்தைக் கறுப்புடனும் குழப்பிக்கொண்டது. கடையில் நின்று நீலப் புழுவா, கறுப்புப் புழுவா என்று நெடுநேரம் தயங்கியவர், மீன் காணாத வேறுபாட்டுக்காகத் தயங்கினார் என்பதே இதன் பொருள். அன்றியும், நீர் ஆழமாக ஆகச் செந்நிற ஒளி முதலில் குறைந்துவிடும். கரையில் சிவப்பாக இருக்கும் இரை ஆழத்தில் கருமையாகவே தோன்றும்.

தண்ணீரிடம் கேட்கும் கேள்வி

இவ்வாறு பல தலைமுறை அறிவும் சேர்ந்து, தேர்ந்த தூண்டில்காரரின் பழக்கத்தை உருவாக்கியுள்ளது. அவர்கள் பெட்டியைத் திறக்குமுன் நீரைப் பார்க்கின்றனர். மீன் குளிர்க்குருதி உயிராதலால் நீரின் வெப்பம் அதன் சுறுசுறுப்பைத் தீர்மானிக்கிறது. வெப்பம் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அதன் அசைவு மந்தமாகும். அப்போது ஈயத்தலை கொண்ட இரையையோ பிளாஸ்டிக் புழுவையோ அடித்தரையில் மெல்ல நகர்த்துவர். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் விரைந்து ஓடும் இரையையும் மீன் துரத்தி வரும்.

அடுத்தது தெளிவு. தெளிந்த நீரில் மீன் கண்ணால் ஆராய்ந்து தாக்கும். ஆகவே இயற்கைச் சிறுமீனை ஒத்த மங்கிய நிறமே தகும். கலங்கிய நீரில் பார்வை பயன்படாது. மீனின் உடற்பக்கத்தில் தலைமுதல் வால்வரை ஓடும் உணர்கோடு நீரின் அதிர்வை அறியும். ஆதலால் சுழலும் தகட்டினால் நீரை அதிர வைக்கும் இரையை அங்கே எறிவர். விடியலிலும் அந்தியிலும் மேகம் மூடிய பொழுதிலும் நீர்மேல் தத்திச் செல்லும் இரை பயன்படும். ஏக்ரன் நகரத்துப் பிரெட் ஆர்போகாஸ்ட் 1938இல் வெளியிட்ட ‘ஜிட்டர்பக்’, களகளவென்ற ஒலியால் இருளிலும் மீனை அழைக்க வல்லதாகப் பெயர்பெற்றது.

வரிசைமுறையும் உண்டு. அறியாத நீரில், பரப்பை விரைவாகத் துழாவும் இரையை முதலில் எறிவர். மீனின் இருப்பிடம் தெரிந்தபின் மெதுவான இரைக்கு மாறுவர். தொடர்ந்து வந்து கவ்வாமல் திரும்பிய மீனும் ஒரு விடையைத் தந்துவிட்டுத்தான் செல்கிறது: இடம் சரி, வேகமோ அளவோ சரியில்லை. முதல் இரை தோற்பதில் இழிவில்லை. அது எதற்காகத் தோற்றது என்று நோக்காமல் பெட்டியிலிருந்து கண்மூடி அடுத்ததை எடுப்பதே வீண்.

இரை தேர்ந்தெடுக்கும் மீன்

இவ்வரலாற்றின் கடைசிப் பகுதி, கேள்வியையே திருப்பிப் போடுகிறது. ரே ஸ்காட் 1972இல், பிடித்த மீனைக் கொல்லாமல் உயிருடன் நீரில் விடும் வழக்கத்தைத் தம் போட்டிகளில் புகுத்தினார். மீன்வளத்தைக் காக்க அது பேருதவி செய்தது. ஆயினும் உயிருடன் விட்டால் எல்லாம் பழையபடியே இருக்குமா என்ற வினா எஞ்சி நின்றது.

இல்லினாய் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரியில் 1970களில் தொடங்கி நடந்த நெடிய ஆய்வு அதற்கு ஒரு விடை தந்தது. டேவிட் பிலிப் முதலிய ஆய்வாளர், தூண்டிலில் அடிக்கடி சிக்கிய மீன்களையும் சிக்காத மீன்களையும் தனித்தனியே பிரித்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். எளிதில் சிக்கும் இயல்பு பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்கு இறங்குவதை 2009இல் வெளியிட்டனர். 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு, எளிதில் சிக்கும் ஆண் மீன்களே கூட்டை மிகுந்த ஊக்கத்துடன் காப்பவை என்று காட்டியது. கூட்டை நெருங்கும் எதனையும் எதிர்க்கும் துணிவுதான் அவற்றைப் பொய்யிரையின் மீதும் பாயச் செய்கிறது. நல்ல தந்தையாக இருக்கும் குணமே தூண்டிலுக்கு வழிகாட்டுகிறது.

மனிதன் இரையைத் தேர்ந்தெடுப்பதாக எண்ணுகிறான்; இரையோ மீனைத் தேர்ந்தெடுக்கிறது. காவல் காக்கும் ஆண் மீன் சில நிமிடங்கள் கூட்டைவிட்டு அகன்றாலும், காத்திருக்கும் சிறுமீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். பிடித்தவர் அன்போடு அதனை நீரில் விடலாம். முட்டைகள் திரும்பி வருவதில்லை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலும் அமெரிக்காவின் சில வட மாநிலங்களிலும் முட்டையிடும் பருவத்தில் பாஸ் மீன்பிடிப்புக்குத் தடை விதிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்ததற்குக் காரணம் இதுவே.

ஸ்னைடரின் உருளை முதல் ஒலியலைக் கருவி வரை, ஹெடனின் மரத்துண்டு முதல் கிரீமின் புழு வரை, மனிதன் கண்டுபிடித்தவை பல. அவை யாவும் மீனை அறிவதற்கான கருவிகளாக இருந்தபோது பயன்பட்டன. மீனை அறியாமலே வெல்வதற்கான குறுக்குவழியாக விற்கப்பட்டபோது ஏமாற்றின. முதலில் எறிய வேண்டிய இரை எது என்பதற்கு எந்நாளும் பொருந்தும் ஒரே விடை இல்லை. அன்றைய நீரைப் பார்த்து அன்றைக்குக் கூறவேண்டிய விடை அது. இளவேனிலில், தெளிந்த கரையோரத்தில், துடைத்த கூட்டின் மேல் ஓர் ஆண் மீன் சுற்றிச் சுற்றி வருவதைக் கண்டால், இரைப்பெட்டியைத் திறவாமல் வேறிடம் செல்வதும் தேர்ந்த தூண்டில்காரரின் தேர்வுகளுள் ஒன்றேயாகும்.